சிப்பாய்ச் சொல்லுக்குத் தனிப் பதிவு வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

படைத்துறைச் சொற்களைக் கலைக்களஞ்சியத்தில் எப்படிச் சேர்ப்பது என்பது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். முதல் கடிதம்தான் அடிப்படையானது என்பதால் அதற்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

படையினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறிகளுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிப் பதிவு தேவையா? பொருள் தெரிந்துகொள்ள அகராதி இருக்கிறதே, அது போதாதா?
– வாசகர், வேலூர்

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 'படைத்துறைக் குழூஉக்குறி' என்ற பொருளுக்கு ஒரு பதிவு வேண்டுமா என்பது ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதிவு வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தயக்கமில்லாமல் ஆம் என்போம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாகக் குழூஉக்குறியை நன்னூல் வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரைகளில் வழிவழியாக வரும் காட்டுகள். ஒரு கூட்டம் ஏன் தனக்கென்று சொல் வைத்துக்கொள்கிறது என்பதே அங்கே பேசப்படும் பொருள். சொற்கள் அதற்குச் சான்றாக வருகின்றன. கலைக்களஞ்சியப் பதிவும் அப்படித்தான் அமைய வேண்டும்.

படைக்குள் மூன்று வகைச் சொற்கள் புழங்குகின்றன. இவற்றைப் பிரிக்காமல் எழுதப்படும் பதிவு குழம்பிப்போகும். அதிகாரபூர்வமான கலைச்சொற்கள் முதல் வகை. நேட்டோ தன் உறுப்பு நாடுகளுக்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடும் சொல் தொகுப்பில் இருப்பவை இவையே. வானொலியில் நேரத்தை மிச்சப்படுத்த வகுத்த குறுஞ்சொற்கள் இரண்டாம் வகை. இவற்றுக்கும் கையேடு உண்டு. கூடாரத்திலும் சமையற்கட்டிலும் தானாகப் பிறக்கும் கொச்சைச் சொற்கள் மூன்றாம் வகை. இவற்றை எந்தத் தலைமையகமும் வெளியிடுவதில்லை. பல சொற்கள் தலைமையகத்தைத் திட்டவே பிறந்தவை. இந்த மூன்றாம் வகையே உண்மையான குழூஉக்குறி.

தனிச் சொல்லுக்குப் பதிவு வேண்டுமா என்று முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. சொல்லின் பொருளை ஒரு வரியில் எழுதிவிட்டு, சொல்ல இன்னும் என்ன மிச்சம் என்று பாருங்கள். அமெரிக்கப் படையினர் கிலோமீட்டரைக் 'கிளிக்' என்பார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் இது அகராதிக்குப் போக வேண்டியது. 'ஃபிராகிங்' அப்படிப்பட்டதன்று. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் சொந்த அதிகாரிகள் மீதே கையெறி குண்டு வீசிய செயலுக்கு அந்தப் பெயர். கட்டாயப் படைசேர்ப்பு, 1969-இல் தொடங்கிய படைக்குறைப்பு, 'கைவிடப் போகிற போரில் கடைசியாகச் சாவது யார்' என்ற கசப்பு, கறுப்பின வீரர்களுக்கும் வெள்ளை அதிகாரிகளுக்கும் இடையே இருந்த மோதல் ஆகியவை எல்லாம் அதன் பின்னணியில் உண்டு. குண்டைத் தேர்ந்ததற்கும் காரணம் இருந்தது. துப்பாக்கித் தோட்டாவை வைத்து எந்தத் துப்பாக்கி சுட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். வெடித்துச் சிதறிய குண்டு அப்படி ஆளைக் காட்டிக்கொடுக்காது. இது ஒரு வரலாற்று நிகழ்வு. தனிப் பதிவு கட்டாயம் வேண்டும்.

இடைப்பட்ட சொற்களில்தான் சச்சரவு வரும். 'ஸ்னாஃபு' என்பது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கொச்சை. 'நிலைமை வழக்கம்போல்தான், எல்லாம் நாசம்' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். மூலத்தில் ஒரு வசைச்சொல் உண்டு. இந்த அளவோடு நின்றிருந்தால் அகராதிக்கே விட்டிருக்கலாம். ஆனால் அமெரிக்க ராணுவம் அந்தப் பெயரிலேயே ஒரு தத்துப்பித்துச் சிப்பாயைப் படைத்து, 1943 முதல் 1945 வரை பயிற்சிக்கான கார்ட்டூன் படங்களை எடுத்தது. ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா தலைமையிலான திரைப்படப் பிரிவில் உருவான பாத்திரம் அது; பல படங்களைச் சக் ஜோன்ஸ் இயக்கினார். எனவே கார்ட்டூன் தொடருக்குத் தனிப் பதிவு, சொல்லுக்கு அதில் ஒரு பத்தி என்பது எங்கள் முடிவு.

பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளில் ஒவ்வொரு பத்திக்கும் தாள் செலவு உண்டு. எதை விடுவது என்ற கேள்விக்குப் பதிப்பாசிரியர் ஒவ்வொரு பக்கத்திலும் விடை சொல்லியாக வேண்டும். இணையக் களஞ்சியத்தில் இடத்துக்குக் குறைவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வியைக் கேட்பது இப்போது இன்னும் அவசியமாகிறது.

'ரோஜர்', 'ஓவர்', 'அவுட்' போன்றவற்றுக்குத் தனித்தனிப் பதிவு போடலாமா? இவற்றின் சரியான பொருள் என்ன?
– வாசகி, கோயம்புத்தூர்

தனித்தனியாக வேண்டாம். 'வானொலி உரையாடல் நடைமுறை' என்று ஒரே பதிவாக எழுதி, ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அதற்கு வழிமாற்று (சொல்லைத் தேடுவோரை இந்தப் பதிவுக்கு அனுப்பும் இணைப்பு) வையுங்கள். இந்தச் சொற்களுக்கு ஒன்றோடொன்று சேரும்போதுதான் பொருள் முழுமையாகும். பிரித்தால் தவறு நுழையும்.

'ரோஜர்' என்றால் 'நீ சொன்னதை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று பொருள். 'சரி' என்றோ 'செய்கிறேன்' என்றோ பொருளில்லை. தந்திக் காலத்தில் செய்தி கிடைத்ததற்கு 'ஆர்' என்ற எழுத்தை மட்டும் அனுப்புவார்கள். பேச்சு வானொலி வந்தபோது அன்றைய எழுத்துப் பட்டியலில் அந்த எழுத்துக்கு 'ரோஜர்' என்று பெயர். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் புதிய பட்டியல் 1956 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதில் அந்த எழுத்து 'ரோமியோ' ஆயிற்று. ஆனால் பெற்றுக்கொண்டதைச் சொல்லும் 'ரோஜர்' மாறாமல் நின்றுவிட்டது.

'வில்கோ' என்றால் 'பெற்றேன், அப்படியே செய்கிறேன்'. பெற்றதும் அதற்குள் அடக்கம் என்பதால் 'ரோஜர் வில்கோ' என்று சேர்த்துச் சொல்வது கூறியது கூறல். 'ஓவர்' என்பது 'என் பேச்சு முடிந்தது, உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்'. 'அவுட்' என்பது 'பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம்'. திரைப்படங்களில் வரும் 'ஓவர் அண்டு அவுட்' தன்னைத்தானே மறுக்கிறது. எந்த வானொலிப் பயிற்சியிலும் அதைத் திருத்தி அனுப்புவார்கள்.

ஆபத்தான தவறு ஒன்றையும் பதிவில் கட்டாயம் சேருங்கள். செய்தி காதில் விழவில்லை என்றால் 'சே அகெய்ன்' என்றுதான் கேட்க வேண்டும், 'ரிப்பீட்' என்று சொல்லக் கூடாது. பீரங்கிப் படையில் 'ரிப்பீட்' என்பது அதே இலக்கில் மறுபடியும் சுடு என்ற கட்டளை. அதுபோலவே 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோல ஒலிப்பதால் 'ஃபைஃப்', 'நைனர்' என்று உச்சரிக்கிறார்கள். அந்த எழுத்துப் பட்டியலுக்கு மட்டும் தனிப் பதிவு கொடுக்கலாம். பிரெஞ்சு பேசுவோர் கடைசி ஒலியை விழுங்கிவிடாமல் இருக்க 'ஜூலியட்' என்பதில் ஈற்றெழுத்தை இரட்டித்து எழுதியது முதல் சொல்ல அதில் நிறைய உண்டு.

'டி-டே' என்பதில் 'டி' எதைக் குறிக்கிறது? ஒரு நூலில் 'விடுதலை', இன்னொன்றில் 'முடிவு' என்று படித்தேன்.
– மாணவர், திருநெல்வேலி

இரண்டும் பின்னால் கட்டிய கதைகள். 'டி' என்பது 'டே' என்ற சொல்லின் முதலெழுத்துதான். 'எச்-அவர்' என்பதில் 'எச்' வருவதும் இப்படியே. தாக்குதல் தொடங்கும் நாள் 'டி', மணி 'எச்'. 1918 செப்டம்பர் 7 தேதியிட்ட அமெரிக்க முதல் படையின் கட்டளை ஒன்றில் இவை வருகின்றன. பிரான்சில் சான் மியேல் தாக்குதலுக்கான கட்டளை அது.

இந்த முறையால் என்ன பயன் என்பதைப் பதிவு விளக்க வேண்டும். நாள் முடிவாகும் முன்பே திட்டம் முழுவதையும் எழுதி அச்சிட்டு அனுப்பலாம். 'டி கழித்தல் 3-இல் கப்பலில் ஏற்று, எச் கூட்டல் 90 நிமிடத்தில் இரண்டாம் அணி கரையிறங்கு' என்று எழுதிவிட்டால், தாள் பகைவர் கையில் சிக்கினாலும் தேதி தெரியாது. தேதி தள்ளிப்போனாலும் எதையும் திருத்த வேண்டியதில்லை. 1944 ஜூன் 5 என்று குறித்திருந்த நார்மண்டித் தரையிறக்கம் கடல் கொந்தளிப்பால் 6-ஆம் தேதிக்கு மாறியபோது இந்த வசதி கண்கூடாகத் தெரிந்தது.

எனவே இரண்டு பதிவுகள் வேண்டும்: நாள் குறிக்கும் முறைக்கு ஒன்று, நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஒன்று. ஒன்றை மற்றதில் கரைத்துவிடாதீர்கள். 1945 பிப்ரவரி 19-இல் ஜப்பானின் ஐவோ ஜிமாத் தீவில் நடந்த தரையிறக்கத்துக்கும் ஒரு டி-டே இருந்தது. குழப்பம் வராமலிருக்க 1944 அக்டோபர் 20-இல் பிலிப்பைன்ஸின் லெய்ட்டேயில் 'ஏ-டே' என்றும், 1945 ஏப்ரல் 1-இல் ஒக்கினாவாவில் 'எல்-டே' என்றும் வைத்தார்கள்.

ஹவில்தார், நாயக், சுபேதார் போன்ற இந்தியத் தரைப்படைச் சொற்கள் குழூஉக்குறிகளா? இவற்றை எப்படிப் பதிவு செய்வது?
– வாசகர், திருச்சி

இவை அதிகாரபூர்வப் பதவிப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முகலாயர் காலம் வரை நீளும் வரலாறு உண்டு என்பதால் தனிப் பதிவு நியாயமே. அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும் அட்டவணைப் பதிவை எழுதிவிடுங்கள். லான்ஸ் நாயக்குக்குக் கையில் ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. அதற்கு மேல் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று இளநிலை ஆணை அதிகாரிகள். நாயிப் சுபேதாருக்கு முன்பு 'ஜமேதார்' என்று பெயர், 1965-இல் மாறியது. ஆகவே 1962 சீனப் போர் பற்றிய கட்டுரையில் 'நாயிப் சுபேதார்' என்று எழுதினால் தவறு.

படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு பெயர் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. காலாட்படையின் சிப்பாய் கவசப் படையில் 'சவார்', பீரங்கிப் படையில் 'கன்னர்', பொறியாளர் படையில் 'சாப்பர்'. கவசப் படையின் 'தஃபேதார்' ஹவில்தாருக்கு இணை; 'ரிசால்தார்' சுபேதாருக்கு இணை.

தமிழில் எழுதுவோர் அதிகம் இடறுவது 'கேப்டன்' என்ற சொல்லில். தரைப்படைக் கேப்டன் இளம் அதிகாரி. தோளில் மூன்று நட்சத்திரம். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்கு இணையானவர். போர்க்கப்பலை நடத்தும் கேப்டனை ஒரு கம்பெனியின் கேப்டனோடு சமமாக வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். 'குண்டு' என்ற சொல்லும் இப்படியே தொல்லை தருகிறது. தோட்டா, எறிகணை, கையெறி குண்டு, வான்குண்டு ஆகிய நான்கையும் நம் செய்தித்தாள்கள் 'குண்டு' என்றே எழுதுகின்றன. 'குண்டு பாய்ந்து மூவர் காயம்' என்ற செய்தியில் என்ன பாய்ந்தது என்று தெரியாமல் கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி கூட எழுத முடியாது. மூலத்தைத் தேடிப் பார்த்து, உரிய சொல்லைப் போடுங்கள்.

ஜீப் என்ற பெயர் 'பொதுப் பயன்பாடு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தது என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

பல நூல்களில் அச்சாகியிருக்கும் விளக்கம்தான். ஆனால் ஃபோர்டு நிறுவனம் தான் தயாரித்த ஜீப்புக்கு வைத்த 'ஜி.பி.டபிள்யூ.' என்ற குறியீட்டில் 'ஜி' அரசு ஒப்பந்தத்தையும், 'பி' 80 அங்குலச் சக்கர இடைவெளியையும், 'டபிள்யூ' வில்லிஸ் நிறுவனத்தின் எஞ்சின் வடிவமைப்பையும் குறித்தன. 'பொதுப் பயன்பாடு' அதில் எங்குமில்லை. 1936-இலேயே பாப்பாய் கார்ட்டூனில் 'யூஜின் த ஜீப்' என்ற விந்தை விலங்கு வந்துவிட்டது. பெயர் அங்கிருந்து வந்தது என்பாரும் உண்டு. பதிவில் இரண்டு விளக்கங்களையும் கொடுத்து, எது எந்த ஆண்டில் முதலில் அச்சில் வந்தது என்று காட்டுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

பொதுவாகவே, ஒரு சொல்லுக்கு முதலெழுத்து விளக்கம் அழகாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் பழக்கம் உலகப் போர்க்காலத்தில்தான் பரவலாயிற்று. 'ரேடார்' அப்படிப் பிறந்தது. 1940-இல் அமெரிக்கக் கடற்படை வைத்த பெயர். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சொற்களுக்கு அப்படி விளக்கம் வந்தால் பெரும்பாலும் பிற்காலக் கற்பனையாகவே இருக்கும்.

விமானிகளின் 'ஃபாக்ஸ் டூ' போன்ற சொற்களை வெளியிட்டால் ரகசியம் போய்விடாதா?
– மாணவி, சேலம்

போகாது. இவற்றின் நோக்கம் மறைப்பது அன்று, சுருக்குவது. ஏவுகணையை ஏவும்போது விமானி சொல்லும் 'ஃபாக்ஸ் ஒன்' என்றால் ஏவிய விமானத்தின் ரேடாரே இலக்கைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஏவுகணை. 'ஃபாக்ஸ் டூ' என்றால் வெப்பத்தைத் தேடிச் செல்வது. 'ஃபாக்ஸ் த்ரீ' என்றால் தன் சொந்த ரேடாரால் தேடிச் செல்வது. அருகில் பறக்கும் தோழன் எதைத் தவிர்க்க வேண்டும் என்று அரை நொடியில் புரிந்துகொள்கிறான். 'பிங்கோ' என்றால் தளம் திரும்பத் தேவையான எரிபொருளே மிச்சம். 'வின்செஸ்டர்' என்றால் ஆயுதம் தீர்ந்தது. மறைக்க வேண்டியதை மறைப்பது மறையாக்கம் செய்யும் வானொலிக் கருவியின் வேலை.

போர்க்காலத்தில் எங்கள் வீடுகளில் புழங்கிய 'ஷெல்லடி' (எறிகணை வீச்சு), 'பங்கர்' (பதுங்குகுழி), 'பொம்மர்' (குண்டுவீச்சு விமானம்), 'கிபிர்' போன்ற சொற்கள் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தகுதியுடையவையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

நிச்சயமாகத் தகுதியுடையவை. இவை படையினரின் குழூஉக்குறிகள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். போருக்குள் அகப்பட்ட பொதுமக்களின் சொற்கள் இவை. ஆயுதத்தை ஏவியவருக்கு ஒரு பெயர். அது விழும் இடத்தில் இருந்தவருக்கு இன்னொரு பெயர். உலகின் படைத்துறைச் சொல் தொகுப்புகளில் முதல் வகைதான் நிரம்பிக் கிடக்கிறது. இரண்டாம் வகையைச் சேர்ப்பது உங்களால்தான் ஆகும். தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய வேலை இது.

சொல்லுக்கு ஒரு பதிவு என்று போகாமல், 'போர்க்கால ஈழத்தமிழ்ச் சொற்கள்' என்று ஒரே பதிவாக அமையுங்கள். 'கிபிர்' என்பது இஸ்ரேல் தயாரித்த போர் விமானத்தின் பெயர். இலங்கை விமானப்படைக்கு 1996-இல் வந்தது. விமானத்துக்கு வேறு பதிவு இருக்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையின் வழக்கு இந்தப் பதிவில்தான் வர வேண்டும்.

ஒரு தடை உண்டு. கலைக்களஞ்சியம் முன்பே அச்சில் வந்ததைத்தான் எடுத்தாளும். நேரே கேட்டு எழுதியதை ஏற்காது. எனவே முதலில் சொற்களைத் திரட்டி ஓர் ஆய்விதழிலோ சிறு நூலாகவோ வெளியிடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிப்பு, வழங்கிய ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டுகள், சொன்னவரின் வயது, ஒரு முழு வாக்கியம் ஆகியவற்றைக் குறியுங்கள். வாக்கியத்தைக் கட்டாயம் ஒலிப்பதிவு செய்யுங்கள். 'ஷெல்' என்று எழுதினாலும் பலர் 'செல்' என்றே சொல்வார்கள். எழுத்தில் மட்டும் பதிந்தால் அது தொலைந்துபோகும். ஒரே விமானத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பட்டப்பெயர் இருந்தால் எல்லாவற்றையும் குறியுங்கள். எது சரி என்று நீங்களாகத் தெரிவு செய்யாதீர்கள்.

சோழர் காலப் படைச்சொற்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

'வேளைக்காரர்' ஒன்றே தனிப் பதிவுக்குப் போதும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகள் பெயர் பெயராக வருகின்றன. இலங்கையின் பொலன்னறுவையில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அவர்கள் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைத் தங்கள் காவலில் ஏற்றதைச் சொல்கிறது. பெயருக்குப் பொருள் என்ன என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை; வேளை வந்தால் உயிர் தருவதாகச் சூளுரைத்தவர் என்பது ஒரு கருத்து. வெட்சி, வஞ்சி, தும்பை போன்ற புறத்திணைகளை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவை கவிதை மரபு. இலக்கணப் பதிவுகளில் வைப்பதே முறை.

பட்டியலாக எழுதினால் ஆளாளுக்குச் சொல் சேர்த்து அது வீங்கிவிடுகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?
– வாசகர், மதுரை

சேர்க்கும் விதியைப் பட்டியலின் தலையிலேயே எழுதிவிடுங்கள். சொல், நாடு, படைப்பிரிவு, காலம், சான்று என்று ஐந்து கட்டம் போட்டு, கடைசிக் கட்டம் காலியாக உள்ள வரியை எடுத்துவிடுவோம் என்று அறிவித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். படைப்பிரிவுக் கட்டம் ஏன் தேவை என்பதற்கு ஒரு காட்டு: 1982 ஃபாக்லாந்துப் போரில் முதுகில் சுமையோடு நெடுந்தூரம் நடந்ததைப் பிரிட்டிஷ் கடற்படைக் கமாண்டோக்கள் 'யாம்ப்' என்றார்கள், பாராசூட் படையினர் 'டாப்' என்றார்கள். ஒருவர் சொல்லை மற்றவர் வாயில் வைத்தால் இருவருமே சண்டைக்கு வருவார்கள்.

சான்று என்றால் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய நூல் போதாது. சொல்லைப் பற்றிப் பேசும் நூல் வேண்டும். ஒரு போர்க்கதையில் ஒரு பாத்திரம் சொன்னது என்பது சொல் வழங்கியதற்கு மட்டுமே சான்று. அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு பரவியது என்று அதை வைத்து எழுத முடியாது. தனிப் பதிவு கேட்கும் சொல்லுக்கு, ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று நூல்களாவது அதைப் பற்றிச் சில பத்திகள் எழுதியிருக்க வேண்டும்.

பட்டியல் நூறு சொற்களைத் தாண்டினால் நாடு வாரியாகப் பிரியுங்கள். அகரவரிசையில் பிரித்தால் மறுபடியும் அகராதிதான் கிடைக்கும். பதிவின் முதல் வாக்கியத்தையும் கவனியுங்கள். '... என்பது ஒரு சொல்' என்று தொடங்கினால் எழுதுபவர் அகராதிப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பொருள். ஃபிராகிங் பதிவை 'வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள்...' என்று தொடங்கிப் பாருங்கள். அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் 'வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு' என்ற போர்முழக்கத்துக்குத் தனிப் பதிவு?
– மாணவர், குன்னூர்

வேண்டாம். 1758-இல் தொடங்கும் அந்த ரெஜிமெண்டின் பதிவிலேயே அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். வெலிங்டனில் உள்ள அதன் பயிற்சி மையத்தைப் பற்றிய பகுதிக்கு அடுத்து வைத்தால் பொருத்தமாக இருக்கும். முழக்கத்தின் பெயரில் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வழிமாற்று போதும். இந்திய ரெஜிமெண்டுகளின் முழக்கங்களை எல்லாம் தொகுத்துப் பின்னால் யாராவது ஒரு பட்டியல் எழுதினால், வழிமாற்றை அங்கே திருப்பிவிடலாம்.